படித்துறை வரைக்கும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் எழுத்தை முதலில் என் மகள்தான் போனில் எடுத்துத் தருவாள். இப்போது நானே தேடிப் படிக்கப் பழகிவிட்டேன். எனக்கு 52 வயது. திருநெல்வேலியில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

என் கணவர் தவறி 14 மாதம் ஆகிறது. கணையத்தில் கட்டி. கண்டுபிடித்த பிறகு ஏழு மாதம் இருந்தார். கடைசி 20 நாள் ஆஸ்பத்திரியில்தான். கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. பேச்சு நின்றுபோன நாட்களிலும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து கவசம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

24 வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போனவள் நான். அவர் போனபிறகு ஒரு வருடம் கோயிலுக்குப் போகக்கூடாது என்றார்கள். உண்மையைச் சொன்னால் அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. வருஷத் திவசம் முடிந்ததும் "இனிமே போகலாம், போ" என்கிறார்கள். கால் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய நேரத்துக்கே கிளம்புகிறேன். ஆனால் படித்துறையில் இறங்கி உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு மணி நேரம் அப்படியே இருப்பேன். நடு ஆற்றில் ஒரு பாறையில் ஒரு கறுப்புப் பறவை இரண்டு சிறகையும் விரித்தபடி நிற்கும், கொடியில் துணி காயப்போட்ட மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைகிறது. கோயில் மணி கேட்டதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சாமியைக் கும்பிடுவதில்லை. ஒரு வார்த்தைகூட மனதில் ஓடுவதில்லை.

இதே ஆறுதான் 2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. கல்யாண ஆல்பம் சேறாகிவிட்டது. ஒவ்வொரு படமாகப் பிரித்துக் கழுவி, ஃபேனுக்கு அடியில் பரப்பிக் காயவைத்தவர் அவர். அந்த ஆற்றிடமே போய் உட்கார்ந்திருக்கிறேனே என்று சில நேரம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

என் நாத்தனார், "சாமியையே விட்டுட்டா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். மகள் டாக்டரைப் பார்க்கலாம் என்கிறாள். எனக்குச் சாமி மேல் கோபம் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லப் பயமாகவும் இருக்கிறது. நான் செய்வது கஷ்டத்திலிருந்து தப்பித்து ஓடுவதா? அந்தப் பழைய நம்பிக்கை திரும்பி வருமா?

இப்படிக்கு,
ஒரு தங்கை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து 12 நாள் ஆகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் போகவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் அவசரமாகச் சொல்கிற வார்த்தை அவர்களுக்கு இன்னொரு சுமையாகிவிடும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தப்பித்து ஓடுகிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஓடுகிறவர்கள் வேறு கிழமையில் போவார்கள், வேறு துறைக்குப் போவார்கள். நீங்கள் செவ்வாய்க்கிழமை போகிறீர்கள், பழைய நேரத்துக்குப் போகிறீர்கள், அதே படித்துறையில் இறங்குகிறீர்கள். கோயில் மணி கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து, மணி அடித்த பிறகுதான் எழுந்திருக்கிறீர்கள். உங்கள் நாத்தனார் இதைக் கவனிக்கவில்லை. நீங்களும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை நான் எங்கும் எழுதாத விஷயம்.

நாங்கள் விக்கிரமசிங்கபுரத்துக்காரர்கள். அப்பாவுக்கு மில்லில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்தால் சைக்கிளை நேராகப் பாபநாசத்துக்கு மிதிப்பார். ஆற்றில் குளித்து, ஈர வேட்டியோடு பாபநாசநாதரையும் உலகம்மையையும் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கம். 1986-இல் என் தம்பி மூளைக்காய்ச்சலில் போனான். அவனுக்கு 19 வயது. ஆறே நாள். ஐந்தாம் நாள் அப்பா பாபநாசம் போய் அர்ச்சனை செய்துவிட்டு, இலையில் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தார். அதைத் தம்பியின் நெற்றியில் பூசினார். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் அப்பா பாபநாசம் போவதை நிறுத்தவில்லை. ஆனால் கோயிலுக்குள் போகவில்லை. பாபநாசம் படித்துறையில் மீன்கள் கூட்டம் கூட்டமாக வரும், பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள், கோயில் மீன் என்பதால். அப்பா ஒரு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக் கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவார். பொரியைக் கொத்தாக அள்ளி வீச மாட்டார். ஒவ்வொன்றாகப் போடுவார். ஒரு பொரி விழும், தண்ணீர் ஒரு கணம் கறுப்பாகக் கொதிக்கும், அடங்கும். அடுத்த பொரி. ஒரு பொட்டலம் தீர முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு முறை கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு பேசவே இல்லை.

அந்தக் கோயிலில் அப்போது வயதான குருக்கள் ஒருவர் இருந்தார். அப்பாவை அவருக்கு வருஷக்கணக்காகத் தெரியும். ஏன் உள்ளே வரவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. காலைப் பூசை முடிந்ததும் சில நாட்கள் அவரே படியிறங்கி வருவார். அப்பாவின் கையில் ஒரு சிட்டிகை திருநீறு வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். அப்பா அதைப் பூசிக்கொள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை. பொரி மடித்து வந்த காகிதத்தில் கிள்ளி வைத்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

இது எப்படி எனக்குத் தெரியும் என்றால், அம்மா துவைக்கும்போது பையைப் புரட்டுவாள். காகிதம் பிரிந்து பை முழுக்க வெள்ளையாக அப்பியிருக்கும். அம்மா அதை உதறிக் கொட்டவில்லை. பூசையறை மாடத்தில் திருநீற்று மரவை இருந்தது. அதில் தட்டிச் சேர்த்துவிடுவாள். அப்பாவிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான், என் அக்கா, வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏறக்குறைய நான்கு வருஷம் அந்த மரவையிலிருந்துதான் எடுத்துப் பூசிக்கொண்டோம். அதில் கொஞ்சம் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து வந்தது என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பா போன பிறகுதான் எங்களிடம் சொன்னாள்.

அப்பாவுக்கு நம்பிக்கை திரும்பியதா? நான் அறிய அவர் கடைசிவரை சந்நிதிக்குள் போகவில்லை. சித்திரை விசுவுக்கு ஊரே அங்கே கூடும். அன்றைக்கு மட்டும் வாசல் திண்டில் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்ப்பார். நம்பிக்கை இருந்தது, இல்லை என்று அவர் சார்பில் நான் சொல்ல முடியாது. அந்தப் பொட்டலத்தை அவர் ஒருநாளும் ஆற்றில் விடவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால்தான் உங்களிடம் "கண்டிப்பாகத் திரும்ப வரும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தாலும் பழைய உருவத்தில் வராமல் இருக்கலாம். 24 வருஷம் அவருக்காகவும் வீட்டுக்காகவும் வேண்டிக்கொண்ட பெண் ஒருத்தி. இப்போது வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றாமல் உட்கார்ந்திருப்பவள் வேறொருத்தி. அவளுக்கும் ஒரு வழிபாடு இருக்கும். அது எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அவகாசம் கொடுங்கள்.

அப்புறம் அந்த ஆறு. வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆல்பத்தைச் சேறாக்கிய ஆற்றிடம் போய் உட்காருவதா என்று.

இயற்கை நம்மைத் தாயாக அணைத்துக்கொள்கிறது என்று எழுதுகிறவர்கள் நிறைய. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் என்னால் அப்படி எழுத முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று நாம் இருவருமே பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியதை ஒரு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அதே ஆறு, ஏப்ரலில் உங்கள் படித்துறையில் கணுக்காலளவு தெளிந்து ஓடுகிறது. இந்த ஆற்றுக்கு நம் மேல் அன்பும் கிடையாது, பகையும் கிடையாது. பொதிகையில் மழை பெய்தால் தண்ணீர் வருகிறது.

அதுதான் உங்களுக்கு உதவுகிறது என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். இந்த 14 மாதத்தில் உங்களைப் பார்த்த ஒவ்வொரு முகமும் முதலில் உங்கள் நெற்றியைப் பார்த்திருக்கும், அப்புறம் கழுத்தை. பரிதாபமாகப் பார்த்தவர்கள் உண்டு. விசேஷ வீட்டில் "நீ கொஞ்சம் பின்னாடி நில்லு" என்று கண்ணால் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊரை எனக்குத் தெரியும். கணவனை இழந்தவளை மங்கல காரியத்தில் ஒதுக்கி நிறுத்துகிற இந்த வழக்கத்தைப் போல நம்மிடம் இருக்கிற கொடுமை வேறில்லை. அதைச் செய்கிறவர்கள் அடுத்த நிமிஷமே சாமியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பாறையில் நிற்கிற பறவைக்கு உங்கள் நெற்றி தெரியாது. நீங்கள் வருவதற்கு முன்னால் அது அங்கே நின்றது, நீங்கள் போன பிறகும் நிற்கும். ஒரு மணி நேரம் யாருடைய பரிதாபத்துக்கும் ஆளாகாமல் இருக்க உங்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பால் ஆற்றுகிறோம் இல்லையா, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி. ஒரே பாத்திரத்தில் பாலை வைத்துக்கொண்டு ஆற்ற முடியாது, இன்னொரு பாத்திரம் வேண்டும். துக்கம் ஆறுவதும் அப்படித்தான் என்று என் அம்மா சொல்வாள். அவளுக்கு அந்த இன்னொரு பாத்திரம் பக்கத்து வீட்டு ஆச்சி. அப்பாவுக்கு மீன். மனிதர்களிடம் ஊற்ற முடியாதவர்கள் தண்ணீரிடமும் மரத்திடமும் போகிறார்கள். சிலர் சாமியிடம் போகிறார்கள். ஊற்றிய சூடு திரும்பவும் நம்மிடமே வரும், ஆனால் வரும் வழியில் காற்று பட்டிருக்கும்.

உங்கள் கணவர் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்ன வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில் சிலருக்கு ஜன்னல் வழியாக மரங்கள் தெரிகிற அறை கிடைத்தது, சிலருக்குச் செங்கல் சுவர் தெரிகிற அறை. பத்து வருஷப் பதிவேடுகளைப் புரட்டி, வயது முதலானவை ஒத்துப்போகிற மாதிரி 23 ஜோடிகளாக நோயாளிகளைச் சேர்த்து ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்து அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. மருத்துவமனைகளைக் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் இதை எடுத்துச் சொல்கிறார்கள்.

மரத்தைப் பார்த்தால் நோய் தீரும் என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு அது தெரியும், என்னை விட நன்றாகத் தெரியும். வேப்பமரம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டவர் நீங்கள். அந்த 20 நாளில் அவருடைய வலியில் ஒரு துளியாவது குறைந்திருந்தால், அந்த மரத்துக்கும் அதில் பங்கு உண்டு, கட்டிலைத் திருப்பிய கைகளுக்கும் உண்டு. "என்னால் எதுவுமே செய்ய முடியவில்லை" என்று ராத்திரியில் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, சாமி மேல் கோபம். சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். நம் சைவத்தில் இதற்கு இடம் எவ்வளவு பெரிது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சுந்தரருக்குக் கண் போனது. காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைத்தது. இன்னொரு கண்ணுக்காகத் திருவாரூர் போய் நின்றவர் என்ன பாடினார்? வேறு யாரிடமும் போகாமல் உமக்கே ஆளாக இருப்பவர்கள், மூண்டு எரியாத தீ மாதிரி உள்ளே கனன்றுகொண்டு, முகம் வாடி வந்து நின்று தங்கள் அல்லலைச் சொன்னால், நீர் பேசாமல் இருப்பீர். சரி, நீரே "வாழ்ந்து போதீரே" என்றார். நல்லா இருந்துட்டுப் போங்க, என்று நாம் மனம் வெறுத்துச் சொல்வோமே, அதே தொனி. ஒரு பாட்டில் இல்லை, பதிகம் முழுக்க அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கிழித்துப் போடவில்லை நம் முன்னோர்கள். தேவாரத்தில் வைத்தார்கள். ஓதுவார்கள் இன்றைக்கும் சந்நிதி முன்னால் நின்று பாடுகிறார்கள். கோபத்தோடு இருப்பவர் வெளியே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

அப்பரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் காளவாயில், நீற்றறையில் அவரை அடைத்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த வெக்கையில் இறைவனின் அடி நிழல் எப்படி இருக்கிறது என்று சொல்ல அவர் எதையெல்லாம் எடுத்தார் என்று பாருங்கள். வீணை. மாலை நிலா. வீசுகிற தென்றல். இளவேனில். வண்டு முரலும் பொய்கை. எந்த ஊர்ப் பொய்கைக் கரையிலோ ஒரு மாலை நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். எதையும் வேண்டாமல், எதற்கும் அழாமல். அந்தக் குளிர்ச்சி உடம்பில் தங்கியிருந்ததால்தான் காளவாய்க்குள் அது சொல்லாக வந்தது என்று எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு, அறிஞர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நீங்கள் படித்துறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரத்தை வழிபாட்டுக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று உங்கள் நாத்தனார் தீர்மானிக்க வேண்டியதில்லை. இப்போதைக்கு நீங்களும் தீர்மானிக்க வேண்டாம்.

குறுக்குத்துறையைப் பற்றி உங்களுக்கே நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி. ஆனாலும் சொல்கிறேன். மலைமேல் கோயில் கட்டியிருக்கலாம், மேட்டில் கட்டியிருக்கலாம். நம் ஆட்கள் ஆற்றுக்குள்ளேயே கட்டினார்கள். வெள்ளம் வரும் என்று தெரியாமல் கட்டவில்லை. தண்ணீரைக் கிழித்து இரண்டு பக்கமும் அனுப்புகிற மாதிரி, வெள்ளம் வந்து மோதும் பக்கத்தைப் படகின் முனைபோலக் கட்டினார்கள். வெள்ளம் ஏறும்போது உற்சவரையும் பூசைச் சாமான்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார், தண்ணீருக்குள். அந்த நாட்களில் கீழே தீபம் கிடையாது, மணி கிடையாது, அபிஷேகம் கிடையாது. செக்கச் செவேலென்று ஆறு அவர் தலைக்கு மேலே ஓடும். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை பூசை இல்லை. சேறு அள்ளுவதுதான். சகதியையும் செத்தையையும் வாரி வெளியே கொட்டி, கல்லைக் கழுவி, அதற்குப் பிறகுதான் விளக்கு. 24 வருஷத்தில் இதை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! பூசை நின்ற நாட்களில் அந்தக் கோயிலை யாராவது கைவிடப்பட்ட கோயில் என்று சொன்னார்களா? தண்ணீர் வடியட்டும் என்றுதானே காத்திருந்தார்கள்?

அப்படியென்றால் எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் என்று ஊர் வைத்த கணக்கு ஊருக்குத்தான். வருஷத் திவசத்தோடு சடங்கு முடியும். மனசுக்கு அந்தத் தேதி தெரியாது.

இனி ஒரு கறாரான பேச்சு. மகள் சொல்வதைக் கேளுங்கள். படித்துறையும் டாக்டரும் ஒன்றுக்கொன்று எதிரி கிடையாது. கடிதத்தில் தூக்கத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கவலை. வாரக்கணக்கில் தூக்கம் சரியில்லை என்றாலோ, சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ, எதற்கு இருக்கிறோம் என்ற எண்ணம் ஒருநாள் தலைகாட்டினாலும், தாமதிக்க வேண்டாம். அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று அரசு நடத்துகிற சேவை. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. என் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழி இருந்திருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாரோ என்று எனக்கு இப்போதும் ஒரு வருத்தம் உண்டு. மீன்களிடம் அவர் என்னதான் சொன்னாரோ.

கடைசியாக, உங்கள் பறவை. அதற்குப் பெயர் தெரியாமல் "கறுப்புப் பறவை" என்றே எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய்தோறும் கூட இருக்கிற துணைக்குப் பெயர் தெரிந்துகொள்ள வேண்டாமா? தாமிரபரணியில் சிறகு விரித்து நிற்பவை இரண்டு. ஒன்று நீர்க்காகம், இன்னொன்று பாம்புத்தாரா. தண்ணீரில் மூழ்கி மீன் பிடிக்கிறவை இரண்டும். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டுவிடும். இவற்றின் இறகோ நனைந்து ஊறிவிடும். நனைவதால்தான் உடம்பு கனத்துச் சுலபமாக மூழ்க முடிகிறது, ஆழத்தில் மீனைத் துரத்த முடிகிறது. வெளியே வந்தால் உடனே தூரம் பறக்கச் சிரமம். அதனால்தான் பாறையில் ஏறி, சிறகை விரித்து, வெயில் பார்த்து நிற்கிறது. அது எவ்வளவு நேரம் நின்றாலும் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை.

நம் பக்கத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது, மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காத்து வந்தார்கள். பறவை வந்து கூடு கட்டினால் ஊருக்கு நல்லது, மழை உண்டு, விளைச்சல் உண்டு என்று ஒரு நம்பிக்கை. அதற்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டுக் கொல்லை மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும், கீழே வீட்டுக்காரர்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஜனவரிக்கு மேல் போனால் கூழைக்கடாக்களையும் பார்க்கலாம். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளும் இருக்கும். மகள் ஊருக்கு வரும்போது கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு நாள் போதும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கண் கூசும்.

அதற்கு முன்னால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பறவையின் அலகைக் கூர்ந்து பாருங்கள். நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தால் நீர்க்காகம். ஈட்டி மாதிரி நேராக இருந்து, கழுத்து பாம்பு போல நீண்டு நெளிந்தால் பாம்புத்தாரா. தண்ணீரில் நீந்தும்போது உடம்பு முழுக்க முங்கிக் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தாலும் பெரும்பாலும் பாம்புத்தாராதான். எது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி